பாப்பாவின் பேட்டை

வீடு காட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கதவைத் திறந்ததும் நம்மை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போவார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு, சொந்த வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல, "வாங்க டீச்சர், வாங்க" என்று கூப்பிடுவார். நாம் போகும்போது கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார். அவர் முதுகு மறைக்கும் இடத்தில் சுவரில் கட்டாயம் ஓர் ஈரக் கறை இருக்கும்.

தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் அவரோடு ஏழெட்டு வீடு பார்த்திருப்பேன். ஒன்றையும் அவர் குறை சொன்னதில்லை. வயலைத் தூர்த்துப் போட்ட மனையில் கட்டிய வீட்டுக்கு "வயக்காத்து" என்பார். கொசுவைப் பற்றிப் பேச மாட்டார். பஸ் எட்டிப் பார்க்காத தெரு என்றால் "சத்தமே இருக்காது." ஒரே அறையை நடுவில் தடுத்து இரண்டாக்கியிருந்தால் "எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல." பின்பக்கம் மதில்கூட இல்லாத ஒரு வீட்டில், எதிரே விரிந்து கிடந்த நடவு வயலைக் காட்டி, "இங்க பாருங்க, பொழுது உங்களுக்குன்னே விடியும்" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் படி இறங்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: "குறைன்னா ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர். இங்க வந்துட்டீங்கன்னா அப்புறம் நான் உங்களுக்குத் தேவைப்பட மாட்டேன்."

ஊரில் எல்லோரும் அவரைப் புரோக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய மொபெட், தோளில் ரெக்சின் பை, அது நிறைய அடுத்தவர் வீட்டுச் சாவிகள். அவருக்கென்று வீடு கிடையாது. மனைவி காலமாகி, மகளுக்கும் கல்யாணம் ஆன பிறகு, இருந்த வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டுக் கீழவாசலில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டார். "ஒத்த ஆளுக்கு எதுக்கு டீச்சர் வீடு?" என்பார்.

எனக்கு வீடு கிடைப்பது சுலபமாக இல்லை. கணவரை விட்டு வந்தவள் நான். வீட்டுக்காரர்கள் வாடகையைச் சொல்வதற்கு முன்பே, "சார் எங்க வேலை பார்க்குறாரு?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்ன இடங்களிலெல்லாம் மறுநாள் வேறு யாருக்கோ வீட்டை விட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. கடைசியில் புறவழிச்சாலை தாண்டி, வயல்களை மனையாக்கிய ஒரு புதுக் குடியிருப்பு நகரில், மாடியில் இரண்டு அறை. கீழே வீட்டுக்கார அம்மா குடும்பத்தோடு இருந்தார். வழக்கமான கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "சார் கப்பல்ல இருக்காரும்மா. வருஷத்துக்கு ஒருக்கா வந்தாலே அதிசயம்."

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் இப்படிப் பொய் சொன்னீங்க?"

"பொய் என்னோடது டீச்சர். வீடு உங்களோடது. நீங்க ஒண்ணும் சொல்லலியே."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிவந்துவிட்டேன். அந்த அம்மா அவரைப் பார்க்கும்போதெல்லாம் கப்பலை விசாரிப்பார். அவரும் சளைக்காமல், "இப்ப சிங்கப்பூர்கிட்ட நிக்குதாம்" என்பார். எங்கள் கப்பல் அப்படியே பல துறைமுகங்களைப் பார்த்தது.

என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, உயரமான அஸ்திவாரத்தில் ஒரு மாடி வீடு பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் மெல்போர்னில் இருந்தார். வாடகைக்கு விட்டால் சுவரில் ஆணி அடிப்பார்கள் என்று யாருக்கும் விடவில்லை. வாரம் ஒரு முறை இவர் வந்து திறந்து, குழாய்களை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுவார். வாசலிலும் கூடத்திலும் காமிரா இருந்தது. வெயிலில் வந்த மனிதர் அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வரலாமே என்று ஒருமுறை சொன்னேன். "சாவிதான் டீச்சர் என்னை நம்பிக் குடுத்திருக்காங்க. நாற்காலியைக் குடுக்கலை" என்றார். டீ குடிக்க என் வீட்டுக்கு வந்துவிடுவார்.

புரோக்கருடைய மகளும் மெல்போர்னில்தான் இருந்தாள். ஊருக்கு மேற்கே ஒரு புறநகர். அதன் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 'பாப்பாவோட பேட்டை' என்றே சொல்வார். டீ ஆறுவதற்குள் போனை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்பார். அங்கே வீடு விற்பவர்கள் ஒவ்வொரு பேட்டையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பார்கள். அங்கு என்ன விலை போகிறது, எந்த மாதிரியான மனிதர்கள் வாழ்கிறார்கள், சனி ஞாயிறுகளில் எங்கே போய்க் காபி குடிக்கிறார்கள் என்பது வரை எல்லாம் இருக்கும். நான் தமிழாக்கிச் சொல்வேன். வேகமாக வளரும் பகுதி. இளம் குடும்பங்கள் விரும்பும் இடம். ஏரியைச் சுற்றி நடைபாதை. அமைதியான தெருக்கள். ரயிலுக்குச் சுலபமாகப் போய்விடலாம்.

அவர் கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் சிரிப்பார். "எழுதினவன் நம்ம ஆளு டீச்சர்."

அங்கே நடுத்தெருவில் ஆளை நிறுத்தி வீட்டை ஏலம் விடுகிறார்கள் என்பது அவரால் தாங்க முடியாத ஆச்சரியம். அந்த வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்ப்பார். "மீன் ஏலம் மாதிரி வீட்டை விக்கிறான். ஒருத்தன்கூட உள்ள போய்த் தண்ணி வருதான்னு பார்க்கலை" என்று டீக்கடையில் எல்லோருக்கும் காட்டுவார். இங்கே வீடு பார்க்க வருபவர்களிடமும் பாப்பாவின் பேட்டை வந்துவிடும். "மெல்போர்ன்ல இந்த மாதிரி மூலை வீட்டுக்குத்தான் சார் கிராக்கி" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பாப்பா போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார். பழைய வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டதால் வேறு இடத்துக்கு மாறிவிட்டதாகச் சொன்னாள்.

"இடம் எப்படிம்மா?"

"நல்லா இருக்குப்பா. நல்ல காத்து வருது. வாசல் தனி. எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல. சத்தமே இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சமையல் எங்கம்மா பண்றே?" என்று கேட்டார்.

"குழந்தை கூப்பிடுறாப்பா. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "டீச்சர், அது வீடு இல்லை."

"என்ன சொல்றீங்க?"

"வாசல் தனின்னா, வீட்டுக்குள்ள போக வழி இல்லைன்னு அர்த்தம். கைக்கெட்டுற தூரம்னா ஒரே ரூம். காத்து வருதுன்னா கதவு சரியா மூடலை. அங்க இப்ப குளிர்காலம் டீச்சர். குளிர்காலத்துல யாராவது காத்து வருதுன்னு சந்தோஷப்படுவாங்களா?" போனை எடுத்து மறுபடி பார்த்தார். "சின்னப் பிள்ளையில வண்டி முன்னால நிக்க வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் வீடு காட்டினேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவ. என்கிட்டயே சொல்றா."

அன்று மாலையே அவளிடம் உண்மையை வாங்கிவிட்டார். மாப்பிள்ளை வேறொரு பெண்ணோடு வேறு நகரத்துக்குப் போய்விட்டான். வீடு விற்றது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு வேறு வீடு கிடைக்கவில்லை. சனிக்கிழமை தோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறாள். ஒரே வீட்டைப் பார்க்கத் தெரு முனை வரை வரிசை. முழுச் சம்பளக்காரர்கள் முன்னால் நிற்க, பகுதி நேர வேலைக்காரிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் யாரும் வீடு தருவதில்லை. தெரிந்த குடும்பம் ஒன்று தங்கள் கார் ஷெட்டில் இடம் கொடுத்திருந்தது.

மறுநாள் பேட்டையைப் பற்றிய அந்தப் பழைய பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார். நான் வரி வரியாகச் சொல்லச் சொல்ல, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"வேகமாக வளரும் பகுதி."

"இன்னும் ரோடு போடலை."

"அமைதியான தெருக்கள்."

"பஸ் கிடையாது."

"இளம் குடும்பங்கள் விரும்பும் இடம்."

"வேற எங்கயும் போக முடியாதவங்க." போனை வாங்கிக்கொண்டு சொன்னார்: "முதல் தடவை கேக்கும்போதே எனக்குத் தெரியும் டீச்சர். தெரிஞ்சும் சந்தோஷப்பட்டேன்."

அதற்குப் பிறகு விடியும் முன்பே என் கேட்டில் மொபெட் வந்து நிற்கும். அங்கே அலுவலகங்கள் திறக்கும் நேரத்தில் இங்கே பால்கூட வந்திருக்காது. அவர் கண்டுபிடித்து வைத்திருந்த அந்த ஊர்ப் புரோக்கர்களின் எண்களுக்கு நான் பேசுவேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். யாரும் வீடு தரவில்லை. ஒருநாள் பொறுக்காமல் போனைப் பிடுங்கிக்கொண்டார். "குடுங்க டீச்சர். புரோக்கருக்குப் புரோக்கர் பேசிக்கறேன்." நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "சார், குட் மார்னிங் சார். ஐ ஆம் ஆல்ஸோ புரோக்கர். இந்தியா, தஞ்சாவூர். மை டாட்டர் வெரி குட் கேர்ள் சார். நோ சவுண்டு. நோ ஆணி."

அந்தப் பக்கம் இருந்த இளைஞன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

"பார்த்துட்டுச் சொல்றேங்கறானா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். "அதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்று வண்டியைக் கிளப்பிப் போனார்.

அந்த மாடி வீட்டுச் சொந்தக்காரரிடமும் கேட்டார். அவர் இருப்பது மெல்போர்னின் அடுத்த கோடியாம். "அங்க எனக்கு யாரையும் தெரியாதே. பார்க்கலாம்" என்றாராம்.

குழந்தைக்குச் சளி நெஞ்சில் கட்டி, ஷெட் கொடுத்த குடும்பமும் தயங்கித் தயங்கிக் காலி செய்யச் சொன்னபோது, அவள் கிளம்பி வந்துவிட்டாள். திருச்சி விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அப்பாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "எங்கப்பா தங்கப் போறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

இரும்புக் கடை மாடியில் சுற்றியுள்ள அறைகளிலெல்லாம் ஆண்கள். நடையின் கடைசியில் பொதுக் குளியலறை. மகள் குளிக்கும்போது அவர் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்று காவல் காப்பார். நான் என் வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்து வந்தேன். பத்து நாள்கூட ஆகவில்லை. வீட்டுக்கார அம்மா படியேறி வந்து, கப்பல்காரர் வந்தால் இவர்கள் எங்கே படுப்பார்கள் என்று கேட்டார். அவர் அன்றே மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "உங்களுக்குக் கிடைச்ச வீடும் போயிரும் டீச்சர். வேண்டாம்."

காலியாக இருக்கும் வீடுகள் அத்தனையும் அவருக்குத் தெரியும். பலவற்றின் சாவி அவர் பையிலேயே இருந்தது. பை தோளில் தொங்க, மகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். இரண்டு மூன்று இடங்களுக்கு நானும் போனேன். வீட்டுக்காரர்கள் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். "உங்க பொண்ணுக்கு இல்லாததா? மாப்பிள்ளை எப்ப வர்றாரு?"

அவர் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே சொல்லிவிடுவாள். "வர மாட்டாருங்க. நாங்க ரெண்டு பேர்தான்."

"பார்த்துட்டுச் சொல்றோம்" என்பார்கள்.

ஒருநாள் படியில் இறங்கும்போது கேட்டேவிட்டார். "நீ சும்மா இருந்திருந்தா நான் எதையாவது சொல்லியிருப்பேன்ல?"

"அங்க இருந்து உன்கிட்டச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிச்சுப்போச்சுப்பா" என்றாள். "இனிமே முடியாது."

கடைசியில் எதுவும் கேட்காத ஒரு வீட்டுக்காரர் கிடைத்தார். எங்கள் நகரின் கடைசித் தெருவில், வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் இருந்த வீடு. அங்கே யாரும் ஒரு மழைக்கு மேல் தங்கியதில்லை. பூட்டைத் திறந்துவிட்டு அவர் வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, கேட்டுக்க. மழை பெஞ்சா வாய்க்கால் தண்ணி இங்கதான் வரும். கக்கூஸ் நிரம்பிக்கும். சுவர் ஓதம். பாம்பு வரும். இதையெல்லாம் மறைச்சு இங்க நானே ஆள் வெச்சிருக்கேன். இங்க இருந்த பால்காரர் சம்சாரம் இன்னமும் என்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கும்."

"சாவியைக் குடுப்பா" என்றாள்.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. வடிய வேண்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வாய்க்காலின் வழியெல்லாம் மனைகளாகிவிட்டன. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு காலை, எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலும் தண்ணீர் ஏறி, வீட்டுக்கார அம்மா குடும்பம் மொத்தமும், படுக்கையில் கிடந்த அவர் கணவர் உட்பட, என் இரண்டு அறைகளுக்கு வந்துவிட்டது. நான் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தேன். புரோக்கர் வந்துகொண்டிருந்தார். தோளில் பேத்தி. இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. பின்னால் பாப்பா, தலையில் ஒரு பெட்டியோடு.

என் வீட்டுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். பால்கனியில் இடமில்லாமல் நின்றவர்களைப் பார்த்தார். நான், "அண்ணே, மேல வாங்க" என்று கத்தினேன். அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டுத் தாண்டி நடந்தார். பூட்டிக் கிடந்த அந்த மாடி வீட்டின் கேட்டைத் திறந்தார். மழையில் நனைந்தபடி, கையில் சாவியோடு, கதவு முன்னால் வெகுநேரம் நின்றார். குழந்தை இருமியது. பூட்டில் சாவியைப் போட்டார்.

ஒரு தூக்கில் கஞ்சியும், குழந்தை என் வீட்டில் விட்டுப்போயிருந்த பாவாடை சட்டையும் எடுத்துக்கொண்டு நான் போனபோது, கூடத்துத் தரையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை மட்டும் சோபாவில். நான் கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரது? யாருங்க உள்ள?"

காமிராவிலிருந்து வந்த குரல் அது. மெல்போர்னிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை குரல் வந்த பக்கம் பார்த்துக் கையாட்டியது.

இவர் எழுந்து, கூரை மூலையைப் பார்த்துக் கைகூப்பினார். "நான்தான் சார். புரோக்கர். இது என் பொண்ணு, பேத்தி. வீட்டுல தண்ணி வந்துருச்சு சார்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னுருவீங்க சார்."

இவர் காலடியில் சொட்டிய தண்ணீரைப் பாப்பா கையால் வழித்து ஒதுக்கினாள்.

"உங்களை நம்பித்தானே சாவி குடுத்தேன்?"

"ஆமா சார்."

"சரி. மழை விட்ட உடனே போயிருங்க. சாவியைப் பக்கத்துல யார்கிட்டயாவது குடுத்துருங்க." பிறகு, கொஞ்சம் சங்கடத்தோடு: "குழந்தையைச் சோபாவுல இருந்து இறக்கிருங்க. ஈரமா இருக்கு."

பாப்பா எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவர் கூப்பிய கையை இறக்கவே இல்லை. காமிரா பேசி முடித்துவிட்டதா, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கஞ்சியைக் குழந்தை மட்டும் குடித்தது.

மழை விட்டதும் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அந்தப் பள்ளத்து வீட்டுக்கே திரும்பினார்கள். ஆனால் விஷயம் எங்கள் நகரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. பூட்டிய வீட்டைத் திறந்து குடும்பத்தைக் குடிவைத்தவர் என்று எழுதியிருந்தார்கள். அவர் மகள் என்றோ, தண்ணீர் என்றோ அதில் இல்லை. நான் நீளமாக ஒரு பதில் எழுதினேன். அதற்கு இரண்டு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒவ்வொருவராகச் சாவியைத் திரும்பக் கேட்டார்கள். அவரும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கடைசியில் அந்த ரெக்சின் பையில் குழந்தையின் இருமல் மருந்தும் ஒரு துண்டும்தான் இருந்தன.

தை பிறக்கும் முன்பு திருச்சிக்குப் போய்விட்டார்கள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு வாட்ச்மேன் வேலை. தங்குவதற்குப் படிக்கட்டுக்குக் கீழே அறை. பாப்பா ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள்.

போன மாதம் கூப்பிட்டேன். குரல் இளைத்திருந்தது. "இடம் எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"சின்னது டீச்சர். ஜன்னல் இல்லை. கார் வந்தா புகை உள்ள வருது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. குழந்தை பேச வேண்டுமென்று அடம்பிடிக்கிறது என்று போனை அதனிடம் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். தோழிகளைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டுவிட்டு, தாத்தாவுக்குக் கேட்கக் கூடாது என்றுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"ஆன்ட்டி, இந்த வீட்ல நாங்க எத்தனை நாள் இருப்போம்?"